மட்டிக்குலைக்கு ஏற்ற வண்டி

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகத் தாமதமாவதற்கு நான்தான் காரணம் என்று உங்கள் அம்மா சொல்கிறாள். அது பாதிதான் சரி. ஆலயத்து மதிலோரம் நான் சும்மாதான் நிற்பேன். யாராவது வந்து, "பிக்கப் ஒண்ணு எடுக்கணும், புதுசு எடுக்கவா, பழசு போதுமா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால், எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்பார். அதையும் சொன்னால், பின்னால் பிளேட் போட வேண்டுமா என்று கேட்பார். அந்த மூன்றாவது கேள்விக்கு என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் வண்டிக்குள் இருந்து ஹார்ன் அடிப்பது என் காதில் விழாமல் இல்லை.

போன வாரம் மூத்தவள் நீ கேட்டாய்: "ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் அரை மணிக்கூர் நின்னு சொல்லுதிய. எங்களுக்கு ஒண்ணும் சொன்னதில்ல." சரிதான். இதெல்லாம் நடந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. தம்பி பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஐந்தாறு மாதம்தான் இருக்கும். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குக் கணக்கும் வண்டியும் வரும், எழுத்து அவ்வளவாக வராது. தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

நான் வளைகுடாவில் பதினொரு வருடம் ஒரு கட்டடச் சாமான் கிடங்கில் பிக்கப் ஓட்டினேன். அங்கே ரோடு மேசை மாதிரி இருக்கும். சாயாக் கோப்பையை டாஷ்போர்டில் வைத்துவிட்டு இருபது கிலோமீட்டர் போகலாம். அந்த வருடம் மூன்று மாத விடுப்பில் ஊருக்கு வந்தபோது, நானும் அம்மாவும் ஒரு முடிவு செய்தோம். சேர்த்து வைத்ததில் ஒரு பிக்கப் எடுப்பது. விடுப்பு முடிவதற்குள் வாரம் தவறாமல் ஓடும் ஒரு நிலையான லோடு கிடைத்தால் ஊரிலேயே இருப்பது. கிடைக்காவிட்டால் வண்டியை வந்த விலைக்கு விற்றுவிட்டுத் திரும்பிப் போவது. போகும் டிக்கெட் நாள் போட்டு அலமாரியில் இருந்தது.

அம்மா இதில் குழப்பம் ஒன்றும் வைக்கவில்லை. "லோடு கிட்டினா இருங்க. கிட்டல்லன்னா முகத்தத் தூக்கி வச்சிட்டு வீட்டுல இருக்காண்டாம், பிளைட் ஏறணும்" என்றாள்.

முதல் கேள்வி, புதியதா பழையதா. நான் பழையதுதான் எடுத்தேன். கையில் அவ்வளவுதான் இருந்தது. பழைய வண்டி பார்க்கப் போனால் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் அது எங்கே ஓடியது என்று கேட்க வேண்டும். மலைப்பக்கம் எஸ்டேட்டில் ஓடியது என்றால் கிளட்ச் போயிருக்கும். கடற்கரையில் ஓடியது என்றால் அடியில் துரு இருக்கும். ஆனால் யாரும் கடற்கரையில் ஓடியது என்று சொல்ல மாட்டார்கள். கருங்கல் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டில் வெள்ளை வண்டி ஒன்று பார்த்தேன். புதுப் பெயின்ட், புது மேட். ரப்பர் ஷீட்டைத் தவிர வேறொன்றும் ஏற்றியதில்லை என்று உடைமஸ்தர் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது வண்டிக்கடியில் மூன்று பூனைகள் படுத்திருந்தன.

"பூனை உங்களுக்க வளர்ப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல, அது எங்கேயிருந்தோ வருது."

"எப்பம் இருந்து வருது?"

"வண்டி வந்த நாள்ல இருந்து" என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். பழக்கமில்லாமல் முயற்சி செய்திருக்கிறார். நான் அந்த வண்டியை எடுக்கவில்லை.

கடைசியில் சிதறால் பக்கத்தில் ஒரு செங்கல் வியாபாரியிடம் நாலு வருடம் ஓடிய வண்டி கிடைத்தது. நான் தரையில் சாக்கை விரித்து அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். செம்மண் இருந்தது, துரு இல்லை. எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. எடுத்துவிட்டேன். போதகர் வந்து ஜெபம் பண்ணினார். ஜெபத்தின் நடுவில் அவர் "இந்த வாகனம் அதிக பாரம் சுமக்காதபடி" என்றும் சொன்னார். அவருக்கு அது எப்படித் தோன்றியதென்று தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம்.

மறுநாள் காலையில் உங்கள் மாமா வந்தார். அம்மாவுக்கு இளையவர், அவரும் பிக்கப் வைத்திருக்கிறார், வெட்டின ரப்பர் மரத்தைத் துண்டு துண்டாக ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகிறார். இங்கே அதைத் தடி லோடு என்போம். ஈரத் தடி இரும்பு மாதிரி கனக்கும். அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"அத்தான், பிளேட் போடல்லியா?"

பிளேட் என்பது பின் அச்சுக்கு மேலே வில் மாதிரி வளைத்து அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டை. பாரத்தைத் தாங்குவது அதுதான். கம்பெனி ஒரு கணக்கு வைத்து இத்தனை என்று போட்டு அனுப்புகிறது. நம் ஊரில் வண்டி எடுத்தவர்கள் அந்தக் கணக்கை நம்புவதில்லை. கூடுதலாக ஒன்றோ இரண்டோ போட்டால்தான் வண்டி முழு வண்டி ஆகும் என்று நினைக்கிறார்கள். பிள்ளைக்குக் காது குத்துவது போல அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பிளேட் போடாத பிக்கப்பை வெளியே எடுத்தால் நாலு பேர் கேட்பார்கள்.

"எனக்கு என்ன லோடு கிடைக்கும்னே இன்னும் தெரியல்ல" என்றேன்.

"எது கிடைச்சா என்ன? தடி லோடு நான் பிடிச்சுத் தாரேன். கம்பெனி பிளேட்டுல தடி ஏத்தினா வண்டி கோழி அடைகாக்குத மாதிரி உக்காந்திரும். ரெண்டு போடுங்க அத்தான். டயருக்கும் கொஞ்சம் கூட்டியே காத்து அடியுங்க."

நான் பதினொரு வருடம் பிக்கப் ஓட்டியவன். ஆனால் மேசை மாதிரி ரோட்டில் ஓட்டியவனை இங்கே ஓட்டியவன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எனக்கும் அந்த எண்ணம் கொஞ்சம் இருந்தது. மறுநாளே ஒர்க்‌ஷாப்பில் விட்டு இரண்டு பிளேட் போட்டேன். பக்கவாட்டில் கம்பி அடித்து உயரமும் கூட்டினேன். வெறும் வண்டியாக வெளியே வந்தபோது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஹெட்லைட் இரண்டும் ரோட்டில் விழுந்த காசைத் தேடுவது போலக் கீழே பார்த்தன. மாமாவுக்குத் திருப்தி.

அடுத்த வாரம் தடி லோடு கிடைக்கவில்லை. ஆலையில் வாங்குவதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்குப் பதில், களியக்காவிளையில் பழமண்டி வைத்திருக்கும் ஒரு முதலாளிக்கு நம் பக்கத்திலிருந்து வாழைக்குலை கொண்டுவர வண்டி வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். திங்கட்கிழமைதோறும் அறுபது எழுபது மட்டிக்குலை. பச்சையாகக் கொண்டுபோய் இறக்கினால், அவர் மூன்று நாள் அறையில் அடைத்துப் பழுக்கவைத்து எல்லைக்கு அப்பால் கடைகளுக்கு அனுப்புவார். மட்டி என்றால் உங்களுக்குத் தெரியும். விரல் நீளம்தான் இருக்கும், தோல் காகிதம் மாதிரி. காயாக இருக்கும்போது எங்காவது இடித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. பழுக்கும்போதுதான் அந்த இடம் கறுக்கும்.

முதலாளி தடித்த கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். "நாலு லோடு கொண்டு வாரும். நான் பழுத்த பொறவு பாத்துச் சொல்லுதேன்" என்றார்.

"நாலும் நல்லாயிருந்தா?"

"நல்லாயிருந்தா பின்ன என்னத்துக்கு மாத்துதேன்?"

நாலு லோடு என்றால் நாலு திங்கள். விடுப்பில் ஐந்து வாரம் மீதி இருந்தது. நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் காலண்டரில் நாலு திங்களையும் வட்டம் போட்டாள். டிக்கெட் நாளையும் வட்டம் போட்டாள். எல்லாம் ஒரே பேனாவில்.

முதல் லோடு கொண்டுபோய் இறக்கினேன். முதலாளி அறையில் அடைத்தார். வியாழக்கிழமை போன் வந்தது.

"வேய், குலை கறுத்திருக்கு."

"எத்தன குலை?"

"கறுக்காததை எண்ணினா சட்டுன்னு முடியும்."

வாழைத் தோட்டக்காரரிடம் கேட்டேன். வெட்டும்போது கவனமாகத்தான் வெட்டினோம், வண்டி ஓட்டினவரைக் கேளும் என்றார். ஓட்டினது நான்தான். மாமாவிடம் கேட்டேன். மண்டியில் இறக்குபவர்கள் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றார். அம்மாவிடம் கேட்டேன். "மெதுவாப் போனியளா?" என்று கேட்டாள். 

இரண்டாவது லோடை மெதுவாகக் கொண்டுபோனேன். எவ்வளவு மெதுவாக என்றால், மார்த்தாண்டம் தாண்டுவதற்குள் என்னைக் கடந்துபோன வண்டிக்காரர்களில் நாலு பேர் என்ன பழுது என்று நின்று கேட்டார்கள். ஒருவர் இறங்கி போனட்டைத் திறக்கவே வந்துவிட்டார். மீன் கூடை வைத்த மொபெட் ஒன்று என்னைத் தாண்டிப் போய், மீன் விற்றுவிட்டு, எதிரே திரும்பி வந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வியாழக்கிழமை மறுபடி போன்.

"இந்த மட்டம் போன மட்டத்துக்குக் கொஞ்சம் தேவல" என்றார் முதலாளி. எனக்கு நெஞ்சு நிறைந்தது. "ஆனா வெளிய அனுப்ப முடியாது. பாதி விலைக்கு இங்ஙனயே தள்ளுதேன். இன்னும் ரெண்டு லோடுதான் பாப்பேன்."

மூன்றாவது லோடுக்கு நான் வீட்டிலிருந்த மெத்தையை எடுத்தேன். நீங்கள் இரண்டு பேரும் படுக்கும் ரப்பர் நார் மெத்தை. அதை வண்டியின் பின்தொட்டியில் விரித்து, மேலே வாழைச்சருகு பரப்பி, அதன்மேல் குலைகளை அடுக்கினேன். அன்றைக்கு நீங்கள் பாயில் படுத்ததும் தம்பி அழுததும் அதனால்தான்.  அம்மா மெத்தை உறையை மட்டும் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டாள். அதில் வாழைக்கறை பட்டால் போகாது.

அன்று கிளம்பும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நான் எப்போதும் முன்னால் சீட்டில் இருக்கிறேன். குலை பின்னால் இருக்கிறது. பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்கு அன்று வேலையில்லை. அவரை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் குலைகளுக்கு நடுவில், அவை இருக்கும் மாதிரியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அத்தான், ஆளு பாத்தா என்ன நினைப்பாங்க?"

"மட்டின்னு நினைக்கட்டும். நீ பைய ஓட்டு."

வீட்டு முக்கிலிருந்து பெரிய ரோடு வரை ஒன்றுமில்லை. பிறகு முதல் குழி வந்தது. வண்டி இறங்கவில்லை, குதித்துச் சாடியது. நான் தரையை விட்டு ஒரு சாண் மேலே போனேன். என்கூட அறுபத்திரண்டு குலையும் மேலே போயின. எல்லோரும் ஒன்றாகக் கீழே வந்தோம். மெத்தை இருந்ததால் நாங்கள் கீழே வந்ததும் இன்னொரு முறை மேலே போனோம். இது முன்னால் உட்கார்ந்தால் தெரியாது. முன்னால் சாதாரணக் குலுக்கல்தான். அடுத்தது வேகத்தடை. அதில் ஒரு குலை என் காதில் இடித்தது. அதன் பக்கத்துக் குலை அதை இடித்தது. நான் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். மற்ற அறுபதையும் பிடிக்க எனக்குக் கையில்லை.

தடியை ஏற்றினால் அந்தப் பாரத்தில் பிளேட் வளைந்து கொடுக்கும். அறுபது மட்டிக்குலை என்பது அந்த வண்டிக்கு ஒரு பாரமே இல்லை. இரண்டு பிளேட் கூடுதலாக இருக்கிறது, டயரில் காற்றும் கூடுதல். வண்டிக்கு நாங்கள் இருப்பதே தெரியவில்லை. வெறும் வண்டி போல அது குதித்துக்கொண்டு போனது. இவ்வளவையும் நான் மார்த்தாண்டம் போவதற்குள் புரிந்துகொண்டேன். முன் சீட்டில் பதினொரு வருடம் உட்கார்ந்தும் புரியாதது.

அங்கே ரோட்டோரம் ஒரு போலீஸ்காரர் கைகாட்டினார். மாமா நிறுத்தினார். போலீஸ்காரர் பின்னால் வந்து என்னைப் பார்த்தார். குலைகளைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார்.

"லோடு வண்டியில ஆளு ஏறப்பிடாதுன்னு தெரியாதா?"

"தெரியும் சார்."

"பின்ன எதுக்கு ஏறினீரு?"

"பழம் எப்படிப் போவுதுன்னு பாக்கேன் சார்."

அவர் ஒரு குலையைத் தொட்டுப் பார்த்தார். "எப்படிப் போவுது?"

"சாடுது சார்."

"பிளேட் போட்டிருக்கீரா?"

"ரெண்டு."

"எனக்க அண்ணன் வண்டியிலயும் போட்டிருக்கு" என்றார். "முன்னால போய் இரும்." அதற்கு மேல் அவர் ஒன்றும் செய்யவில்லை. நான் இறங்கி முன்னால் உட்கார்ந்தேன். சட்டையில் கறை. மாமா வண்டியை எடுத்துக்கொண்டே, "பிளேட்டை ஒண்ணும் குறை சொல்லப்பிடாது அத்தான். ரோட்டைச் சொல்லுங்க" என்றார். ரோட்டை எடுத்து மாற்ற என்னால் முடியாது என்றேன். 

மண்டியில் இறக்கும்போது முதலாளியிடம் நானே சொன்னேன். "இந்த லோடும் கறுக்கும். வண்டியில கோளாறு. அடுத்த லோடுக்குச் செரியாக்கிட்டு வாரேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கறுக்கும்னு முன்கூட்டியே சொல்லுத வண்டிக்காரனை நான் இப்பம்தான் பாக்கேன். செரி. நாலுன்னு சொன்னேன். நாலாவதையும் கொண்டு வாரும். அஞ்சாவது கிடையாது."

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மேஸ்திரி இன்னொரு வண்டிக்குப் பிளேட் போட்டுக்கொண்டிருந்தார்.

"போட்டதைக் கழத்தணும்" என்றேன்.

"ஒடிஞ்சு போச்சா?"

"ஒடியல்ல. கழத்தணும்."

அவர் எழுந்து நின்றார். "இத்தன வருசத்துல போடச் சொல்லி வருவாங்க, ஒடிஞ்சா மாத்தச் சொல்லி வருவாங்க. நல்லா இருக்குததைக் கழத்தச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்ல."

"நீரு போடும்போது என்ன லோடுன்னு கேட்டிருக்கலாமே."

"நீரு சொல்லியிருக்கலாமே" என்றார். அதுவும் சரிதான். எனக்கே அப்போது தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து ஆலை திறந்திருந்தது. புதன், வெள்ளி, சனி மூன்று நாளும் தடி லோடு இருக்கிறது, இரண்டு வண்டி வேண்டும் என்றார். அதில் ஒன்று நான் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். பிளேட்டைக் கழற்றியாயிற்று என்று கேட்டதும் அவர் சாயாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மூணு நாள் லோடு அத்தான். உறுதியான லோடு. அந்த மட்டி லோடு கிடைக்குமான்னு தெரியாது. கிடைச்சாலும் வாரத்துல ஒரு நாள்."

"எத்தன மாசத்துக்குத் தடி இருக்கும்?"

"அது எப்படிச் சொல்ல முடியும்? ஆலைக்காரன் நிறுத்துனா நிக்கும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மரச்சீனிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். "நிலையான லோடுன்னுதானே பேச்சு" என்றாள். தலை நிமிரவில்லை. மாமாவுக்கு அது தன் அக்காளின் தீர்ப்பு என்று தெரியும். கழற்றின இரண்டு பிளேட்டையும் அவரே எடுத்துக்கொண்டு போனார். அவர் வண்டியில் இப்போது நாலு கூடுதல். அவருக்கு அதில் குறையொன்றுமில்லை. தடி ஏற்றும் வண்டிக்கு அது சரியாகவும் இருக்கலாம். நான் அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை.

மீதியிருந்த நாட்களில் வண்டியைச் சீர் செய்தேன். டயரில் காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்கினேன். அந்த அளவு டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. இதையும் கேட்க ஆட்கள் மதிலோரம் வருகிறார்கள், கதவைத் திறந்தால் போதும். பிளேட் இருந்த இடத்தில் கிரீஸ் வைத்தேன். ஷாக் அப்சார்பர் ஒன்று எண்ணெய் கசிந்திருந்தது, இரண்டையும் மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து ஆடும். பக்கக் கம்பியைக் கழற்றவில்லை. அது மட்டிக்கு ஒன்றும் செய்யாது. எஃப்.சி.க்குப் போகும்போது கழற்ற வேண்டும், அது வேறு விஷயம். மெத்தையைக் கழுவி வெயிலில் போட்டுத் திருப்பித் தந்தேன். கொஞ்ச நாள் அதில் வாழைக்காய் வாசம் இருந்தது என்று நீங்கள் சொன்னீர்கள்.

நாலாவது திங்கள் காலை ஏழு மணிக்கு ஏற்றினோம். அறுபத்தெட்டுக் குலை. முதல் குழியில் வண்டி இறங்கி ஏறியது. பின்கண்ணாடியில் பார்த்தேன். குலைகள் தலையை மட்டும் ஆட்டின. கூட்டத்தில் பிரசங்கம் கேட்கிறவர்கள் ஆமாம் போடுவது மாதிரி. நான் சாதாரண வேகத்தில்தான் போனேன். மொபெட் மீன்காரர் எதிரே வந்தார். வண்டி சரியாகிவிட்டதா என்று கையால் கேட்டார். தெரியாது என்று நானும் கையால் சொன்னேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள். செவ்வாய் நான் மாங்கொம்பு ஒன்றை வெட்டினேன். புதன் கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் போட்டேன். வியாழக்கிழமை போனுக்காகக் காத்திருக்கப் பொறுக்கவில்லை. காலையிலேயே களியக்காவிளைக்குப் போய்விட்டேன். டிக்கெட்டுக்கு எட்டு நாள் இருந்தது.

முதலாளி அறையைத் திறந்தார். உள்ளே மஞ்சளாக இருந்தது. அவர் ஒரு குலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். கீழே வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார். பதினைந்து இருபது குலை அப்படிப் பார்த்தார். நானும் அவர் பின்னால் நின்று பார்த்தேன். என் கண்ணுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் என் கண்ணை நான் அப்போது நம்பவில்லை.

"ரெண்டு குலையில கறுப்பு உண்டு" என்றார்.

எந்த இரண்டு என்று நான் தேடினேன்.

"அது எனக்க ஆளு இறக்கும்போது போட்டது. நானே பாத்தேன்." ஒரு பழத்தைப் பிய்த்து உரித்துத் தின்றார். இன்னொன்று தின்றார். மூன்றாவதை எனக்கு நீட்டினார். "திங்கக்கிழம இன்னும் கொஞ்சம் நேரத்தே வர முடியுமா? ஒன்பதுக்கு அந்தப்பக்கத்து வண்டி வந்திரும்."

"ஆறு மணிக்கு ஏத்துனா எட்டரைக்கு வந்திரலாம்."

"செரி. வாரும்."

இவ்வளவுதான். கைகொடுக்கவில்லை. நிலையான லோடு என்ற சொல்லை அவர் அன்றும் சொல்லவில்லை, இன்று வரை சொன்னதுமில்லை. ஒவ்வொரு வியாழனும் திங்களைப் பற்றிப் பேசுகிறார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "போர்மேனைக் கூப்பிடுங்க, அந்த ஆளு இடம் போட்டு வச்சிருப்பாரு" என்றாள். கூப்பிட்டேன். வளைகுடாக் கிடங்கில் எனக்கு மேலே இருந்த அவர் பாலக்காட்டுக்காரர், நல்ல மனிதர். நான் வரவில்லை என்றேன். அங்கே என்ன வேலை என்று கேட்டார். பழம் கொண்டுபோகிறேன் என்றேன். என்ன பழம் என்றார். மட்டி என்றேன்.

"அது சட்டுன்னு கறுக்குமே" என்றார்.

"கறுக்கும் சேட்டா" என்றேன்.

போனை வைத்ததும் உங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, அப்பா இனி போகவில்லை, இங்கேயேதான் இருப்பேன் என்று சொன்னேன். தம்பிக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. அவன் அதுவரைக்கும் என்னை விடுப்புக்கு மிட்டாய்ப் பெட்டியோடு வருகிற ஆளாகத்தான் பார்த்திருந்தான். நீ பெரியவள், உனக்குப் புரிந்தது. 

"அப்பம் இனி மிட்டாய்ப் பெட்டி வராதா?" என்று கேட்டாய்.

"வராது மக்கா."

"அந்தப் பச்சைத் தாள் சுத்தின மிட்டாயும்?"

"அதுவும் வராது."

நீ அதை நன்றாக யோசித்தாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்:

"பின்ன ஒருக்கா மட்டும் போயிட்டு வாருங்க."